கந்தோரில் ஓடிய படகு

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஒன்பது பேரை வளர்த்தேன். பெற்றது ஆறு, தங்கை விட்டுவிட்டுப் போனது மூன்று. ஒன்பது பேருக்கும் ஒரே சட்டி, ஒரே அகப்பை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் மீனவர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "ஆச்சி வயசுபோன நேரம் பதறிப்போயிட்டா" என்று சொன்னார். ஒன்பது பேரைக் காய்ச்சலிலும் கடலிலும் காத்து வளர்த்தவளுக்குப் பதற்றம் என்றால் என்னவென்று இவர் சொல்லித்தர வருகிறார். நான் கோபப்பட்டேன். இப்போதும் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

என் படிப்பு மூன்றாம் வகுப்பு. செபப் புத்தகம் வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். கொப்பியில் ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு காலை நேரம் போய்விடும். போகட்டும். எனக்கு அவசரம் இல்லை. அவசரப்பட்டவர்கள் எழுதியது சங்கத்துப் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊர் மன்னார்த் தீவின் வடக்குக் கரையில் இருக்கிறது. என் கடைசி மகன் நண்டு வலைக்காரன். சின்னப் படகு, மண்ணெண்ணெய் எஞ்சின். அவன் மனைவியின் தம்பிதான் அவனுக்குக் கூட்டாள். பின்னேரம் வலையைப் போட்டுவிட்டு வருவார்கள், விடியப்புறம் போய் எடுப்பார்கள். சனிக்கிழமை மட்டும் வலையைத் திரும்பப் போடுவதில்லை. சனி மத்தியானத்தோடு எல்லாப் படகும் கரையேறிவிடும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் ஒரு படகும் தண்ணீரில் இறங்காது. என் தகப்பனின் காலத்திலும் அப்படித்தான், இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து ஒரு நேரக் கஞ்சிக்கு வழியில்லாமல் இருந்த காலத்திலும் அப்படித்தான். அது சட்டம் போட்டு வந்ததில்லை. யாரும் இறக்குவதில்லை, அவ்வளவுதான்.

போன வருடம் சங்கத்துக்கு ஒரு பெட்டி வந்தது. படகு ஒவ்வொன்றுக்கும் கைக்கு அடங்கும் அளவில் ஒரு கருவி கொடுத்தார்கள். படகு எங்கே நிற்கிறது என்பதை அந்தக் கருவி காற்றின் வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். சங்க அலுவலகத்தை நாங்கள் கந்தோர் என்போம். அந்தக் கந்தோரின் கூரையில் ஏரியல். மேசையில் பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு வயர் கொம்பியூட்டருக்குப் போகும். கொம்பியூட்டரில் கடலும் கரையும் வரைந்திருக்கும், அதன் மேல் எங்கள் படகுகள் சின்னச் சின்னப் பச்சை அம்பாக நகரும். பக்கத்தில் படகின் பெயர்.

நான் அதைக் கேலி செய்தவள் இல்லை. காற்று எழும்பினால் பெண்கள் எல்லோரும் கரையில் போய்க் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நிற்போம். பெட்டி வந்த பிறகு கந்தோருக்குப் போவோம். "அம்மா, இன்னும் அரை மணித்தியாலத்திலை வந்திடுவார்" என்று அங்கே வேலை செய்த தம்பி சொல்வான். அரை மணித்தியாலத்தில் வந்துதான் நின்றான் என் மகன். ஒருமுறை இல்லை, பலமுறை. உலையை வைத்துவிட்டுக் கரைக்குப் போகலாம் என்ற அளவுக்கு அது உண்மை சொன்னது. அப்படி உண்மை சொல்லிப் பழக்கிய பிறகுதான் இந்த வேலை நடந்தது. அதுதான் என் கோபத்தின் முதல் காரணம்.

அன்று சனிக்கிழமை. நல்ல சோளகம். தென்மேற்கிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது, முற்றத்து மணல் எழும்பிக் கண்ணுக்குள் விழுந்தது. பத்து மணிக்கு வர வேண்டியவன் பன்னிரண்டுக்கும் வரவில்லை. மற்றப் படகுகள் வந்து கரையேறிவிட்டன. போன் எடுத்தால் போகவில்லை. ஒரு மணிக்குக் கந்தோருக்குப் போனேன்.

பழைய தம்பி வேலையை விட்டுப் போயிருந்தான். அந்த வாரந்தான் வேலைக்கு வந்த ஒரு புதுப் பெண்பிள்ளை இருந்தாள். எங்கள் ஊர்ப் பிள்ளைதான், கோயிலில் பாடுகிறவள். மரியாதையாக எழும்பிக் கதிரையைத் தந்தாள்.

"உங்கடை மகன்ரை போட்டைத்தான் தேடுறீங்களோ ஆச்சி? இந்தா, ஓடிக்கொண்டுதான் நிக்குது. பாருங்கோ."

பார்த்தேன். ஊருக்கு நேரே, மேற்காலே கொஞ்சம் விலகி, பச்சை அம்பு நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் என் மகனின் படகுப் பெயர். மாதாவின் பெயர் அது, எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன்.

"இந்தக் காத்துக்குள்ளை மேற்கை என்னத்துக்குப் போறான்?" என்று கேட்டேன்.

"வலை அங்காலை இழுபட்டிருக்கும் ஆச்சி. எஞ்சின் ஓடுது. நல்ல வேகமாத்தான் போறார். நேரத்தைப் பாருங்கோ, இப்ப ஒண்டு இருபது. இப்ப வந்த செய்திதான் இது."

மேசையில் பெட்டி இருந்த இடத்தில் ஒரு பூச்சாடி இருந்தது. பிளாஸ்ரிக் பூ, கீழே பின்னல் துணி. என் குசினியில் ஒரு கரண்டி இடம் மாறினால் கண்டுபிடிக்கிறவள் நான். அன்று அந்தப் பூச்சாடியைப் பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்து மருமகளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்டுக்கும் யோசியாதை பிள்ளை, கந்தோரிலை கண்ணாலை பாத்திட்டு வாறன், ஓடிக்கொண்டு நிக்கிறான்" என்றேன். அவள் அழுதுகொண்டு இருந்தவள் முகத்தைக் கழுவினாள். அவளுக்குச் சோறு போட்டுக் கொடுத்தேன். என் வாயாலேயே அந்தப் பொய்யைக் கொண்டுபோய் என் வீட்டுக்குள் வைத்தேன். மற்ற எல்லாவற்றையும் யாருக்காவது மன்னிப்பேன். இதை மட்டும் முடியவில்லை.

நாலு மணிக்கும் வரவில்லை. சனி என்றபடியால் கந்தோர் பூட்டிவிட்டார்கள். ஆம்பிளைகளிடம் போனேன். தேடிப் போகலாமா என்று நாலைந்து பேர் ஆயத்தமானார்கள். அதற்குள் ஒருவர் சங்கத் தலைவருக்குப் போன் எடுத்தார். தலைவர் வவுனியாவில் ஒரு கலியாண வீட்டில் நின்றார். பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

"கந்தோரிலை காட்டினதாமே?" என்றார் தலைவர்.

"ஓம், ஓடுறதாக் காட்டினதாம்."

"காட்டினதெண்டால் பிறகென்ன? எங்கையாவது வேறை துறையிலை ஏத்தியிருப்பான். காத்துக் குறைய வருவான்."

கடற்படைக் காவலரணிலும் போய்ச் சொன்னோம். அவர்களும் தலைவரிடம்தான் கேட்டார்கள். அவர் அதையேதான் சொன்னார். ஆயத்தமான ஆம்பிளைகள் எஞ்சினைத் திரும்பத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் குற்றம் இல்லை. நானே கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு வந்தவள்தானே.

அந்த இரவைப் பற்றி எழுதமாட்டேன்.

ஞாயிறு காலை முதல் பூசைக்கு மருமகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பூசை முடிந்த உடனே பாட்டுக்காரப் பிள்ளைகளுக்குள் நின்ற அந்தப் பெண்பிள்ளையின் கையைப் பிடித்தேன். "வந்து கந்தோரைத் திற" என்றேன். "இண்டைக்கு ஞாயிறு ஆச்சி" என்றாள். "எனக்கும் தெரியும்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுகதை பேசாமல் வந்தாள்.

திறந்தாள். கொம்பியூட்டர் இரவும் பகலும் எரிந்துகொண்டே இருப்பது. திரை வெளித்தது. கடல் முழுக்கப் பச்சை அம்புகள்.

"இந்தா ஆச்சி! நிக்கிறார்! கடவுளே, நல்லா நிக்கிறார், ஓடுறார் பாருங்கோ!" என்று அவள் துள்ளினாள். மருமகள் திரையைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் என் மகனின் அம்பைப் பார்க்கவில்லை. மற்ற அம்புகளைப் பார்த்தேன்.

"பிள்ளை, இது ஆரின்ரை போட்?"

"சம்மாட்டியாரின்ரை, ஆச்சி."

ஊரில் ஐந்தாறு படகு வைத்திருக்கும் பெரிய முதலாளியைத்தான் நாங்கள் சம்மாட்டியார் என்போம்.

"ஆர் ஓடுறது?"

"இதை அவர்தானே ஓடுறவர். வேறை ஒருத்தரையும் தொட விடமாட்டார்."

"எங்கை நிக்குது?"

"மூண்டு மைல் வெளியிலை."

"இப்ப பூசையிலை காணிக்கைத் தட்டு ஆர் கொண்டுவந்தது?"

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள்.

"மூண்டு மைல் வெளியிலை நிண்டுகொண்டோ அந்த மனுசன் எனக்கு முன்னாலை தட்டை நீட்டினவர்? நல்ல நீளக் கை! யன்னலைத் திற."

திறந்தாள். கந்தோர் யன்னலுக்கு நேரே கரை. நேற்று மத்தியானம் இழுத்து வைத்த இடத்திலேயே எல்லாப் படகும் இருந்தன. சம்மாட்டியாரின் படகில் ஒரு காகம் இருந்தது. திரையில் அதே படகு வடக்கே போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் பார்த்தால் ஓடுகிறது, அந்தப் பக்கம் பார்த்தால் காகம் இருக்கிறது.

"ஞாயிற்றுக்கிழமை எங்கடை கரையிலை எந்தப் போட் இறங்கும் பிள்ளை?" என்று கேட்டேன். அவள் அழத் தொடங்கினாள்.

கொம்பியூட்டரின் பக்கத்தில் அதைப் பூட்டிக் கொடுத்த தொழில்நுட்பக்காரரின் நம்பர் ஒட்டியிருந்தது. யாழ்ப்பாணப் பக்கத்துத் தம்பி. போனை எல்லோருக்கும் கேட்கும்படி போட்டாள்.

"பெட்டியோ?" என்றது அந்தக் குரல். "பெட்டி கொழும்பிலை தங்கச்சி. இடி விழுந்து பழுதாகித் திருத்தக் குடுத்து மூண்டு வாரமாகுது. அங்கை ஓடுறது பழகுறதுக்கு நான் போட்டுவிட்ட போலிப் பெட்டி. திரையிலை பேப்பர் ஒட்டினனானே, பயிற்சிக்கு மட்டும், உண்மையான படகுகள் இல்லை எண்டு. பாக்கேல்லையோ?"

"என்ன பேப்பர்?" என்றாள் பிள்ளை.

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. மருமகளை அங்கேயே விட்டுவிட்டுக் கோயிலுக்கு நடந்தேன். இரண்டாம் பூசைக்குச் சனம் கூடிக்கொண்டிருந்தது. பீடத்துக்கு முன்னால் போய் நின்றேன். என் வயதுக்கு அப்படி நின்றதில்லை. "என்ரை மகன் நேற்று விடியப்புறம் போனவன் இன்னும் வரேல்லை. கந்தோர்ப் படம் பொய். சம்மாட்டியார் அதிலை கடலுக்குள்ளை நிக்கிறார், இஞ்சை முன் வாங்கிலை இருக்கிறார். வந்து பாருங்கோ" என்றேன்.

பங்குச் சுவாமி உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே வெளியே வந்தார். "ஞாயிறு எண்டு பாக்காதேங்கோ. இறக்குங்கோ. நான் பிறகு பூசை வைக்கிறன்" என்றார்.

எங்கள் கரையில் ஒரு ஞாயிறு காலை படகு இறங்கியதை அன்றுதான் முதல் முறை பார்த்தேன். பதினொரு படகு. வெள்ளைச் சட்டையோடு, கோயிலுக்கு உடுத்த உடுப்போடு தண்ணீருக்குள் இறங்கித் தள்ளினார்கள். சம்மாட்டியார் என்னிடம் வந்தார்.

"எங்காலை தேட அம்மா? படத்திலை மேற்கை காட்டினதெண்டு சொல்லுறாங்கள்."

"படத்தை விடுங்கோ. எஞ்சின் நிண்டிருந்தால் நேற்றையிலை இருந்து இந்தச் சோளகம் எங்காலை தள்ளும்?"

அவர் காற்றுக்கு முகத்தைக் கொடுத்துப் பார்த்தார். "வடகிழக்கை, இலுப்பைக்கடவைப் பக்கம்."

"அப்ப அங்காலை போங்கோ."

பின்னேரம் மூன்று மணிக்கு இலுப்பைக்கடவைக்கு வெளியே கண்டுபிடித்தார்கள். எண்ணெய்க்குள் தண்ணீர் போய் எஞ்சின் நின்றிருந்தது. கருவி வேலை செய்துகொண்டே இருந்தது, பாவம், இரவு முழுக்க நாங்கள் இங்கே நிற்கிறோம் என்று கத்தியிருக்கும். கேட்கிற பெட்டி கொழும்பில். நங்கூரக் கயிறு அறுந்து, வலைக் கயிற்றைத் திரித்துக் கடலுக்குள் நின்ற ஒரு பாறையில் போட்டு, அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். கூட்டாளுக்குக் கை முழுக்கத் தோல் உரிந்துவிட்டது.

கரைக்கு வந்து இறங்கிய என் மகன் தண்ணீர் குடித்தான். மகளைக் கட்டிப்பிடித்தான். பிறகு என்னிடம் கேட்டான்:

"அம்மா, நேற்றுப் பின்னேரம் ஒருத்தரும் வெளிக்கிடேல்லையோ? நாங்கள் பாத்துக்கொண்டே இருந்தனாங்கள்."

இதற்கு நான் என்ன சொல்ல? நீ கந்தோரில் ஓடிக்கொண்டிருந்தாய் என்று சொல்லவா?

புதன்கிழமை பின்னேரம் சங்கத்தில் கூட்டம். என் மனுசன் போன பிறகு அங்கத்துவம் என் பெயரில் இருக்கிறது, ஆனபடியால் எனக்கும் அங்கே ஒரு கதிரை உண்டு. முன்னால் போய் இருந்தேன். தொழில்நுட்பத் தம்பியும் பஸ் ஏறி வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். அவரைக் கூப்பிட்டுத் தண்டனை கொடுக்கப் போகிற மாதிரிச் சுவரோரம் நிற்க வைத்திருந்தார்கள்.

"தம்பி, கதிரையிலை இரும்" என்றேன். "நீர் செய்ததை எனக்கு விளங்கிறமாதிரிச் சொல்லும். நான் மூண்டாம் வகுப்பு."

அவர் நல்லவிதமாகச் சொன்னார். நான் கேட்டபடியே எழுதுகிறேன்.

"ஆச்சி, அந்தப் பெட்டி வயருக்குள்ளாலை எழுத்துத்தான் அனுப்பும். தந்தி மாதிரி. வரி வரியாய். எந்தப் போட், எங்கை நிக்குது, எத்தினை மணி. படம் காட்டுற புரோகிராம் அந்த வயர் கொழுவுற வாசலிலை காதைக் குடுத்துக்கொண்டு இருக்கும், வாற வரியைப் பாத்து அம்பு கீறும். பெட்டி நல்லாய் இருந்த காலத்திலை ஒரு புதன்கிழமை முழுக்க வந்த வரியளை நான் பதிஞ்சு வச்சிருந்தனான்."

"சரி."

"வயர் இல்லாமலே கொம்பியூட்டருக்குள்ளை ஒரு சோடி வாசல் செய்யலாம். போலி முனையம் எண்டு சொல்லுறது. இந்த வாசலாலை போட்டால் அந்த வாசலாலை வரும். படம் காட்டுற புரோகிராமுக்குப் பெட்டியின்ரை வாசலுக்குப் பதிலா இந்த வாசலைக் காட்டிவிட்டன். மற்றப் பக்கத்திலை என்ரை சின்னப் புரோகிராம் ஒண்டு இருந்து, பதிஞ்ச வரியளை அந்தந்த நேரத்துக்கு ஒவ்வொண்டாய்ச் சொல்லும். முடிய, திரும்ப முதலிலை இருந்து. படம் காட்டுறது உண்மையான பெட்டிதான் பேசுது எண்டு நம்பும்."

"நம்பாமல் இருக்க அதுக்கு ஒரு வழியும் இல்லையோ?"

"இல்லை ஆச்சி. நம்ப வைக்கத்தான் அப்பிடிச் செய்யிறது. இல்லாட்டி அதை வச்சுப் பழகேலாது."

எனக்கு விளங்கியது. வாசலுக்கு வெளியே நின்று ஒருவன் என் மகனின் குரலில் பேசினால் நான் கதவைத் திறப்பேன். கதவில் பிழை இல்லை.

"அந்தப் புதன்கிழமை வந்த வரியிலை அந்தப் புதன்கிழமைத் தேதிதானே இருந்திருக்கும்?" என்று கேட்டேன். "பிறகெப்பிடி எனக்கு முன்னாலை சனிக்கிழமை ஒண்டு இருபது எண்டு காட்டினது?"

அவர் தலையைக் குனிந்தார். "பழைய நேரம் வந்தால் படம் காட்டுறது அந்த வரியை எடுக்காது ஆச்சி. அதாலை நேரத்தை மட்டும் அண்டண்டைக்கு மாத்திச் சொல்ல வச்சனான்."

"தேதியை மாத்தினீர். கிழமையைப் பாத்தீரோ?"

"பாக்கேல்லை."

"நீர் எங்களைப்போலை வேதமோ, சைவமோ?"

"சைவம் ஆச்சி."

"அப்ப எங்கடை ஞாயிறு உமக்குத் தெரிய நியாயமில்லை." நான் மற்றவர்களின் பக்கம் திரும்பினேன். "இஞ்சை இருக்கிற ஆருக்குத் தெரியாது? போன ரெண்டு ஞாயிறும் இந்தக் கந்தோருக்குள்ளை ஊர்ப் போட் எல்லாம் கடலிலை ஓடியிருக்குது. கந்தோரைப் பூட்டிப்போட்டு நாங்கள் எல்லாரும் பூசையிலை இருந்திருக்கிறம்."

ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இனி பேப்பர். இந்தத் தம்பி ஒட்டின பேப்பரை ஆர் கிழிச்சது?"

தலைவர் தன் பேனையைத் திறந்து மூடினார். அவருடைய தாயும் நானும் சின்ன வயதில் ஒரே நாளில் கோயிலில் முதல் நன்மை வாங்கினவர்கள். அந்த உரிமையில் நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் அந்தப் பெண்பிள்ளைதான் எழும்பினாள். தான் வேலைக்கு வருவதற்கு முந்தின வாரம், பெட்டியைத் தந்தவர்கள் கொழும்பிலிருந்து பார்க்க வந்தார்களாம். பெட்டி பழுதாகிக் கிடக்கிறது என்று காட்டினால் சங்கத்துக்கு வெட்கமாம். பேப்பரை எடுத்துவிட்டு, பெட்டி இருந்த இடம் வெறுமையாய்த் தெரியாமல் பூச்சாடியை வைக்கச் சொன்னது தலைவராம். ஞாயிற்றுக்குப் பிறகு அவள் போன் எடுத்துக் கேட்டபோதுதான் பழைய தம்பி இதைச் சொல்லியிருக்கிறான். வேலையைக் கைமாற்றும்போது பெட்டியைப் பற்றி அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வந்தவர்கள் அம்புகள் ஓடுவதைப் பார்த்துக் கைதட்டிப் படம் எடுத்துக்கொண்டு போனார்களாம்.

"திரும்ப ஒட்ட மறந்துபோச்சு," என்றார் தலைவர். "ஆருக்கும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே அம்மா. மாதா காப்பாத்தினவ."

"மாதாவை இதுக்குள்ளை இழுக்காதையுங்கோ. அவ பேப்பர் கிழிக்கேல்லை. சனிக்கிழமை கலியாண வீட்டிலை நிண்டு, காட்டினதெண்டால் பிறகென்ன எண்டு கேட்டீங்களே. பெட்டி கொழும்பிலை எண்டு அப்ப உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ?"

"பெட்டி திரும்பி வந்திட்டுதெண்டு நினைச்சன்."

"ஆர் கொண்டுவந்தது? பஸ்ஸிலை தானா ஏறி வந்ததோ?"

இந்த இடத்தில்தான் பின்னாலிருந்து ஒருவர், ஆச்சி வயசுபோன நேரம் பதறிப்போயிட்டா, விட்டுவிடுங்கோ என்று சொன்னது. என் மகன் எழும்பினான். நான் கையைக் காட்டி இருத்தினேன்.

பிறகு செயலாளர் கூட்டக் குறிப்பை வாசித்தார். "தொழில்நுட்பக் கோளாறு காரணமாகப் படகைத் தேடுவதில் தாமதம் ஏற்பட்டது. தெய்வாதீனமாக இருவரும் மீட்கப்பட்டனர்." அதன் கீழே எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். புத்தகம் வரிசையாய் வந்து என் மடியில் நின்றது.

"தம்பி," என்றேன் தொழில்நுட்பக்காரரைப் பார்த்து. "கோளாறு எண்டால் என்ன?"

"வேலை செய்யாமல் போறது ஆச்சி."

"உம்மடை புரோகிராம் வேலை செய்யாமல் போச்சோ?"

"இல்லை ஆச்சி. அது சரியாத்தான் வேலை செய்தது."

"கேட்டீங்களோ? சரியா வேலை செய்ததாம். எழுதுங்கோ. பேப்பரை எடுக்கச் சொன்னது தலைவர் எண்டு எழுதுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்."

எழுதவில்லை. நான் வைக்கவில்லை. புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டு எழும்பினேன். இத்தனை பேரின் பெயருக்கு நடுவே என் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. போய்ப் பார்க்கலாம்.

கூட்டம் கலைந்த பிறகு அந்தத் தம்பி பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று கந்தோர் வாசலில் நின்றார். சம்மாட்டியாரும் நின்றார். "ஆச்சி, நான் அதை முழுக்க அழிச்சுவிடுறன்" என்றார் தம்பி.

"அழிக்காதையும். இந்தப் பிள்ளை பழகத்தானே வேணும். பெட்டி வாறவரைக்கும் பழகட்டும். ஆனால் எங்கடை போட் ஒண்டும் அதிலை ஓடக்கூடாது. என்ரை மகன்ரை பேர் அதிலை இருக்கக்கூடாது. வேறை பேர் போடும்."

"என்ன பேர் போட?"

"மீன்ரை பேரைப் போடும். சூடை, ஓரா, திருக்கை. இஞ்சை ஒருத்தரும் போட்டுக்குத் திருக்கை எண்டு பேர் வைக்கமாட்டினம்."

"அதுமட்டும் காணாது அம்மா," என்றார் சம்மாட்டியார். "பேர் வாசிக்கத் தெரியாதவன் வந்து பாத்தால்?"

அவர் சொன்னது சரி. யோசித்தேன். "தம்பி, அந்த வரியிலை எங்கை நிக்குது எண்டும் இருக்குதெண்டீரே. அதை மாத்தலாமோ?"

"எங்கையெண்டாலும் மாத்தலாம் ஆச்சி. எல்லாத்தையும் ஒரே அளவுக்குத் தள்ளிவிட்டால் சரி."

"அப்ப தரையிலை கொண்டுபோய் விடும். பாப்பாமோட்டை வயலுக்குள்ளை ஓட்டும்."

சம்மாட்டியார் கையைத் தட்டிச் சிரித்தார். அந்தத் தம்பியும் அன்றைக்குத்தான் சிரித்தார். உள்ளே போய் இருந்து, பஸ் வர முன்னம் செய்து முடித்தார். இன்றைக்கும் போனால் பார்க்கலாம். திருக்கை என்கிற படகு காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டு பாப்பாமோட்டையில் வரம்புக்கு மேலால் ஏறி, வயலைக் குறுக்கறுத்துப் போகும். ஓரா ஒரு குளக்கட்டில் ஏறி இறங்கும். யார் வந்து பார்த்தாலும், கொழும்பிலிருந்து வந்தாலும், கண் உள்ள எவனுக்கும் இது பொய் என்று தெரியும். பேப்பர் தேவையில்லை, கிழிக்கவும் ஒன்றும் இல்லை. பெட்டி இன்னும் வரவில்லை. பூச்சாடியை நான் எடுத்துக் கீழே வைத்துவிட்டேன், அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும் என்று.

தலைவர் கோயிலில் கண்டால் தலையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். ஆனால் சங்கத்துப் புத்தகத்தில் கோளாறு என்றுதான் இருக்கிறது. நாளைக்கு யாராவது அதைத் திறந்து வாசித்தால், ஒரு கொம்பியூட்டர் பழுதானபடியால் இரண்டு பேர் ஒரு பகலும் இரவும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள் என்று நினைப்பார்கள். அதற்காகத்தான் இந்தக் கொப்பி. கையெழுத்துப் போடாத இடத்துக்கு நேரே, கஞ்சிப் பசை பூசி, இந்தப் பக்கங்களை நானே ஒட்டப் போகிறேன். யார் தடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

என் மகனின் மகள் பள்ளிக்கூடத்தால் வந்துவிட்டாள். ஒன்பதாம் வகுப்பு. என் எழுத்து பெரிது, கோணல், ஆனால் அவளுக்கு வாசிக்க வரும்.

"பிள்ளை, சாப்பிட்டுட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வா. வந்து இதை முதலிலை இருந்து வாசி."

"என்ன அப்பம்மா இது, இவ்வளவு நீளம்?"

"நீளத்தை விடு. சத்தமா வாசி, உன்ரை அப்பா உள்ளைதான் படுத்திருக்கிறார், கேக்கட்டும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்து. சொல்லை மாத்தாதை. நான் எழுதினது எழுதினபடியே எனக்குக் கேக்கவேணும்."